அலசும் முன் காட்டுங்க

எனக்குச் சுத்தமான கட்டிலைக் கண்டால் ஆகாது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நர்ஸ் வேலை பார்ப்பவள் சுத்தம் பிடிக்காது என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மகள் சிரிப்பதோடு நிற்பதில்லை. "உனக்கு மூள களைச்சிப்போச்சும்மா, வி.ஆர்.எஸ். குடுத்துடு" என்கிறாள். கொடுக்கலாம். கொடுத்துவிட்டு வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்தால் அவள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியே தேவலை. அங்கே இருப்பவர்கள் நான் சொல்வதை நாலு தரத்தில் ஒரு தரமாவது கேட்கிறார்கள்.

எல்லாக் கட்டிலையும் சொல்லவில்லை. பிள்ளை பெற்றுக் கொஞ்ச நேரமே ஆன ஒருத்தி படுத்திருக்கும் கட்டிலைத்தான் சொல்கிறேன். அதில் கறை இருக்க வேண்டும். அளவாக இருக்க வேண்டும், ஆனால் இருக்க வேண்டும். ஒரு பொட்டு இல்லாமல், விரிப்பின் நான்கு மூலையும் இழுத்துச் செருகி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் நான் உடனே போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன். போன ரத்தம் எங்கே போனது என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஷிப்டுக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயா. பகலில் டாக்டர் இருப்பார். சிக்கலில்லாத பிரசவங்களை நாங்களே பார்த்துவிடுவோம். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கணக்குப் போட்டால் கால் இன்னும் கொஞ்சம் வலிக்கும், அதனால் போடுவதில்லை. நரம்பு சுருட்டிக்கொண்ட காலுக்கு இறுக்கமான சாக்ஸை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன், திரும்பி வந்து அதைக் கழற்றும்போதுதான் நாள் முடிந்தது என்று தெரியும்.

குழந்தை அழுதுவிட்டால் பிரசவம் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் ஸ்வீட் வாங்கப் போய்விடுவார்கள். எனக்கு அப்போதுதான் பயமே ஆரம்பிக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை கைவிரல்களை மடக்கின மாதிரி சுருங்கி இறுக வேண்டும். இறுகாவிட்டால் உள்ளே வாய் திறந்த ரத்தக்குழாய்கள் மூடாது, குழாயைத் திறந்துவிட்டது மாதிரி ஓடும். ஒரு முழு உயிர் போவதற்கு அதிக நேரம் வேண்டாம், டீ குடிக்கப் போய் வரும் நேரம் போதும். அதைத் தடுக்க நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழந்தை வெளியே வந்ததும் தொடையில் ஓர் ஊசி. பிறகு வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது. தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தால் நிம்மதி, பிசைந்த மாவு மாதிரி இருந்தால் அது இறுகும்வரை தேய்த்துக் கொடுப்பது. சிறுநீர் போகச் சொல்வது, ஏனென்றால் மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. நாடி பார்ப்பது, துணி பார்ப்பது. திரும்பத் திரும்ப இதையே செய்வது. இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். நடக்காமல் போன ஒன்றுக்காக யார் வந்து நன்றி சொல்லப்போகிறார்கள்.

ஊசி என் கையில் இருக்கிறது, வயிற்றை நான் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். துணி மட்டும்தான் என் கைக்கு வராது. எங்கள் பக்கத்தில் பச்சை உடம்புக்காரியின் துணி வேற்றாள் கண்ணில் படக்கூடாது. காக்காய் பார்க்கக்கூடாது, நாய் முகரக்கூடாது, ஆகாதவர்கள் பார்த்துவிட்டால் பால் வற்றிவிடும். அதனால் நனைந்ததோ இல்லையோ, கூட இருக்கும் அம்மாவோ மாமியாரோ அதை உருவிக்கொண்டு போய் அலசிவிடுவார்கள். நாப்கின் கொடுத்தால் வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். நாப்கின் சூடாம். பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்து வைத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. இது போதாதென்று கெட்ட ரத்தம் என்று ஒன்று. "பத்து மாசம் தேங்கின அழுக்கு சிஸ்டர், போனாத்தான் ஒடம்பு லேசாவும்" என்பார்கள். ஜாஸ்தி போனால் ஜாஸ்தி நல்லது. "ஏம்மா, நல்ல ரத்தத்துக்கு ஒன்னு, கெட்ட ரத்தத்துக்கு ஒன்னுன்னு உள்ள ரெண்டு டேங்க்கா கட்டி வெச்சிருக்கு?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. தலையாட்டுவார்கள். நான் திரும்பியதும் அலசப் போய்விடுவார்கள்.

நான் சொல்ல வந்தது அப்படி அலசிய ஓர் அம்மாவைப் பற்றி.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். மலையைச் சுற்றியவர்களுக்குப் புண்ணியம், அவர்கள் காலில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்ட எனக்கு முதுகுவலி. வழக்கம்போல் அதோடுதான் டியூட்டிக்கு வந்தேன். காலையில் முதல் பிரசவத்துக்கு ஒரு பெண் வந்தாள். கணக்கில் டிகிரி முடித்தவள். ஏழாம் மாதம் வரைக்கும் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அவளை எனக்குத் தெரியும். சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும் என்று எவளோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு மாத்திரையைத் தலையணைக்கடியில் சேர்த்துவைத்தவள். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று திட்டித் திட்டி, கடைசியில் டிரிப்ஸ் வழியாக இரும்புச்சத்து ஏற்றி, ஒரு வழியாக அளவுக்குக் கொண்டுவந்திருந்தோம். புருஷன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போன் போட்டாயிற்று, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

கூட வந்தவள் அவள் அம்மா. ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் சுத்தம் பண்ணும் வேலை. பௌர்ணமிக்கு வந்தவர்கள் எல்லாரும் மறுநாள்தான் காலி பண்ணுவார்கள். விடியும் முன்பே போய் அத்தனை ரூம் விரிப்பையும் உருவி ஊற வைத்துத் துவைத்துக்கொண்டிருந்தவள், மகளுக்கு வலி என்று போன் வந்ததும் அப்படியே கிளம்பி வந்திருந்தாள். சேலைக்கு மேல் கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் கொடுத்த நீலக் கோட்டு இன்னும் இருந்தது. ஒல்லியான உடம்பு. ப்ளீச்சிங் பவுடரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. வந்த வேகத்தில் வார்டில் இருந்த லாக்கரைத் துடைத்தாள். ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். கட்டில் விரிப்பை எடுத்து உதறித் திருப்பிப் போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகினாள். எங்கள் ஆயா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"எங்க வார்டுக்கே வந்துடுங்கம்மா" என்றேன் நான்.

அந்தம்மாவுக்குச் சந்தோஷம். மகளின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எனக்குக் கறைப் பாடம் எடுத்தாள். மஞ்சள் கறைக்கு எலுமிச்சம்பழமும் வெயிலும். குங்குமம் பட்டால் தேய்க்கவே கூடாது. ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அலசவேண்டும், சுடுதண்ணீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். "கறைய மேனேஜர் பாத்தாருன்னு வெச்சிக்கங்க, ஒரு வார்த்த கேப்பாரு சிஸ்டர். அவரு கேக்கறதுக்கு முன்னாடி நாம எடுத்துடணும். இத்தன வருசத்துல என்னைய ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன். களைத்துப் போயிருக்கும்போது ஒருத்தி வந்து நம் இடத்தைச் சுத்தம் செய்தால் யாருக்குத்தான் பிடிக்காது. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கும் சுத்தமான கட்டில் பிடிக்கும்.

உச்சி வெயில் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது. ஊசி போட்டேன். நஞ்சு முழுசாக விழுந்தது. கர்ப்பப்பை கெட்டியாக இறுகியது. அடியில் விரித்திருந்த அளவுப் பையில் ரத்தம் எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகும் போய்ப் போய்ப் பார்த்தேன், வயிறு சரி, நாடி சரி, துணி சரி. "பாத்ரூம் போய்ட்டு வாம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தையல் எரியும் என்று பயந்து அப்புறம் போகிறேன் என்றாள். அவள் அம்மாவிடம், "துணி நனைஞ்சா என்னைக் கூப்பிடுங்க" என்றேன்.

"சரிங்க சிஸ்டர்."

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூன்றாவது பிரசவத்துக்காரி, ஆட்டோவிலேயே முக்கிக்கொண்டு வந்திருந்தாள். தலை தெரிகிறது. நானும் ஆயாவும் அவளைத் தூக்காத குறையாக லேபர் ரூமுக்குள் கொண்டுபோனோம். ஓடி ஓடிப் பார்க்க இன்னொரு ஆள் இருந்திருந்தால் என்று இப்போது சொல்லி என்ன. இருப்பது ஒரு ஜோடிக் கை. உள்ளேயிருந்தே சத்தம் போட்டுக் கேட்டேன்: "ஏம்மா, துணி எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சிஸ்டர். சுத்தமா இருக்கு!" என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடி அதே பதில். அந்தம்மா பொய் சொல்லவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்தத் துணி சுத்தமாகத்தான் இருந்தது, அப்போதுதான் மாற்றியிருந்தாள்.

புதுக் குழந்தையைத் துடைத்து அதன் அம்மா நெஞ்சில் போட்டுவிட்டு வார்டுக்கு வந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டு அந்தம்மா எழுந்து நின்றாள், ரூமைப் பார்க்க மேனேஜர் வந்தது மாதிரி. மகளுக்குத் தலை வாரி, முகம் துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. பக்கத்தில் குழந்தை துணிச்சுருளுக்குள் தூங்கியது. ஒரு நொடி எனக்கு மனசு குளிர்ந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அந்தப் பெண் கொட்டாவி விட்டாள். விட்டுவிட்டு மறுபடியும் விட்டாள். "தூக்கம் தூக்கமா வருது சிஸ்டர், தண்ணி தாகமா இருக்குது" என்றாள். பிள்ளை பெற்றவள் தூங்குவாள், களைப்பு இருக்கும். ஆனால் இந்தக் கொட்டாவி வேறே, ரத்தம் கம்மியாகிற உடம்பு காற்றுக்கு அலைகிற கொட்டாவி. உதட்டைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நெற்றியில் கை வைத்தால் ஜில்லென்று வேர்த்திருந்தது. போர்வையைத் தூக்கினேன்.

கடைசியாக வைத்த துணி முழுக்க நனைந்து, விரிப்பும் நனைந்து, ரெக்சின் மேல் தேங்கியிருந்தது. வயிறு பிசைந்த மாவாக இருந்தது. அழுத்தினேன், கட்டி கட்டியாக வந்தது.

"எத்தன துணி மாத்தினீங்க?" என்று கத்தினேன்.

"ஒன்னும் இல்ல சிஸ்டர், எல்லாத்தையும் அலசிப் போட்டுட்டேன்" என்றாள் அந்தம்மா. கைகாட்டினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாத்ரூமுக்குப் பின்னால், மதில் மறைவில், நாங்கள் கையுறை காயப்போடும் கொடி. அந்தக் கொடி முழுக்க கிழித்த சேலைத் துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்று படாமல் இழுத்து நீவிக் காயப்போட்டிருந்தாள். வெயிலில் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் கறை இல்லை. அந்தப் பெண்ணிடமிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பிறகு நடந்தது எல்லாம் கைப்பழக்கம். ஆயாவைக் கூப்பிட்ட கூப்பாட்டில் டாக்டரம்மா ஓ.பி.யை விட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றினோம். டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தோம், மூத்திரப்பை அவ்வளவு நிறைந்திருந்தது. ஊசி, அதற்கு மேல் ஊசி, மாத்திரை. நான் ஒரு கையை உள்ளே வைத்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, கர்ப்பப்பையை இரண்டுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்ற நிலையில் என் முதுகு என்னிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. "அப்புறம் வா" என்று மனசுக்குள் சொன்னேன்.

கட்டிலிலிருந்து தரையில் ரத்தம் சொட்டியது. அந்தம்மா எங்கிருந்தோ ஒரு துணியை எடுத்துக்கொண்டு என் கால்களுக்கு நடுவே குனிந்தாள்.

"தொடைக்காத!"

நான் அப்படி யாரிடமும் கத்தியதில்லை. கொடிப்பக்கம் தலையை ஆட்டி, "அதெல்லாம் உன் பொண்ணோட உசுரும்மா. அலசாம என்கிட்ட காட்டிருக்கணும்" என்றேன். என்னை விடச் சின்னவள்தான் என்றாலும் அதுவரைக்கும் 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அந்தம்மா குனிந்த நிலையிலேயே அப்படியே நின்றாள். கொடியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆயா நீட்டியபோது, துணியோடு சேர்த்தே வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் கால்களையும் இடுப்பையும் இறுக்கிக் கட்டும் உடுப்பைச் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நானும் ஏறினேன், குழந்தையோடு அந்தம்மாவும் ஏறினாள்; ஆட்டோவில் வந்தவளை டாக்டரம்மா பார்த்துக்கொண்டாள். முந்தின நாளாக இருந்திருந்தால் அந்தப் பாதையில் ஓர் ஆள்கூட அசைய முடியாது. அன்றைக்கு ரோடு காலியாக இருந்தது, துப்புரவுக்காரர்கள் பிளாஸ்டிக் டம்ளர்களையும் சாப்பாட்டுத் தட்டுகளையும் மலை மலையாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அழுத்திய கையை நான் எடுக்கவில்லை. "தூங்காதடி, என்னைப் பாரு. டீச்சர்தான? ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றேன். சொன்னாள். பாதி வழியில் ஒன்றைத் தப்பாகச் சொன்னாள், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரலாம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். நல்லவேளை, எடுக்காமலே ரத்தப்போக்கு நின்றது. நின்றது என்று வந்து சொல்லும்வரை நானும் அந்தம்மாவும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை அவள் மடியில். என் யூனிபார்மில் முழங்கை வரை காய்ந்துபோன ரத்தம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீரும் உப்பும் என்று இந்த முறை சொல்லவில்லை.

"தொவைச்சது தப்பா சிஸ்டர்?" என்றாள்.

வேறு ஒரு நாளாக இருந்தால் பூசி மெழுகியிருப்பேன். அன்றைக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. "தொவைக்கிறது தப்பில்லம்மா. காட்டாம தொவைச்சதுதான்."

"நீங்க வந்து பாக்கறப்ப அசிங்கமா கெடந்தா இன்னா நெனைப்பீங்கன்னு..." குழந்தையின் துணிச்சுருளை இழுத்துச் சரி செய்துகொண்டே, "எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். அம்மாதான் மறைச்சான்னு நெனச்சிடுவா. அவ மாமியாருக்குத் தெரிஞ்சா இனிமே ஒரு நாளுகூட எங்கூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றால் சொல்லத் தெரியவில்லை. இவள்மேலா, ஒரு வார்த்தை கேட்டுவிடுவார் என்று வருஷக்கணக்காக இவளைப் பயமுறுத்தி வைத்திருந்த அந்த மேனேஜர்மேலா, கெட்ட ரத்தம் என்று முதன்முதலில் சொன்ன எவளோ ஒருத்திமேலா. கோபம் வந்த சுருக்கில் அழுகையாகிவிட்டது. முந்தானை இல்லாத யூனிபார்ம், முகம் துடைக்கக்கூட ஒன்றும் இல்லை. "சொல்ல மாட்டேன், போம்மா" என்றேன். சாயங்காலம் வந்து சேர்ந்த மருமகன் வீட்டுக்காரர்கள் அண்ணாமலையார்தான் காப்பாற்றினார் என்று கற்பூரம் ஏற்றப் போனார்கள். அவர் காப்பாற்றட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு ஓரமாக அந்த ஊசியையும் நினைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் எங்களிடமே வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. இந்த முறை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று தானாகச் சொன்னாள். அவள் அம்மா வெளியே வரிசையில் இடம் பிடித்து நின்றிருந்தாள். நீலக் கோட்டு இல்லை, லீவு போட்டிருந்தாள் போல. நான் அந்தப் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுது சிஸ்டர்."

"இன்னா தெரிஞ்சுது?"

"அன்னிக்கி. ஜாஸ்தியா போவுதுன்னு தெரிஞ்சுது. சூடா எறங்கிக்கினே இருந்துச்சு."

இமையை விட்டுக் கையை எடுத்தேன். "படிச்ச பொண்ணு. வாயத் தொறந்து ஒரு கொரல் குடுக்கறதுக்கு இன்னாடி?"

அவள் வாசலைப் பார்த்தாள். அம்மா வரிசையில்தான் இருந்தாள். "அம்மா விடிகாலைலேர்ந்து அங்க ரூம் ரூமா தொவைச்சிட்டு வந்திருந்தாங்க. இங்க வந்தும் ஒரே அலசல். நனைய நனைய எடுத்துக்கினு ஓடினாங்க. கையெல்லாம் வெந்து கெடந்துச்சு சிஸ்டர். கடைசியா மாத்திட்டு, அப்பாடான்னு பக்கத்துல ஒக்காந்து செவுத்துல தல சாச்சாங்க. கண்ணு மூடிட்டாங்க. அவங்க ஒக்காந்து ஒரு நிமிசம்கூட ஆவல, எனக்கு மறுபடியும் நனைஞ்சிடுச்சு. எழுப்ப மனசு வரல. இன்னொரு துணியான்னு இருந்துச்சு. கொஞ்சம் கழிச்சி சொல்லிக்கலாம்னு படுத்துக்கினு இருந்தேன். அப்புறம் தூக்கமா வந்துச்சு." குழந்தையின் கையை எடுத்துத் தன் விரலைப் பிடிக்க வைத்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கும் வாக்குக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. அம்மாவுக்கு ஒரு துணி மிச்சமாகட்டும் என்று ஒருத்தி சாவின் வாசல் வரை சத்தமில்லாமல் போயிருக்கிறாள், அதை வைத்து நான் யாரைத் திட்டுவது. இப்போது இதைப் பெயர் போடாமல் எழுதுகிறேன். எழுதினால் வாக்குத் தவறியதாகுமா என்று தெரியவில்லை. அவர்கள் படித்தாலும் படிக்கட்டும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாததை என் மூலமாகவாவது தெரிந்துகொள்ளட்டும். இரண்டு பேர் ரகசியத்தையும் சுமக்க எனக்குக் காலில் பலம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் மூடி போட்ட ஒரு பக்கெட் வைத்தோம். துணியோ நாப்கினோ, எடுத்தால் அதில்தான் போட வேண்டும். நான் பார்த்த பிறகுதான் அலசலாம், எறியலாம். வேற்றாள் கண், காக்காய், நாய் எதற்கும் தெரியாமல் மூடி இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதியோடு நான் தினமும் சண்டை போடுகிறேன். முன்பெல்லாம் கூட இருப்பவர்களிடம் மட்டும் சொல்வேன், இப்போது பெற்றவளிடமும் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறேன்: "நனைஞ்சா நீயே கூப்பிடு. உங்கம்மா தூங்கினாலும் எழுப்பு, நான் தூங்கினாலும் எழுப்பு. அவங்க களைப்ப நீ பாக்காத." பெரும்பாலும் சிரிப்பார்கள். சில பேர் சிரிக்காமல் தங்கள் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிறவள் கட்டிலுக்கு நான் இன்னும் ஒரு நடை கூடுதலாகப் போவேன். கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தடுப்பூசி நாளில் இன்னொன்றும் நடந்தது. ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டது, வீறிட்ட வேகத்தில் துணியை நனைத்தது. அந்தம்மா எங்கிருந்தோ பாய்ந்து வந்தாள். நனைந்த துணியை உருவி, மாற்றுத்துணி சுற்றி, உருவியதைச் சுருட்டிக்கொண்டு குழாயடியை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து, அத்தனை தாய்மார்களுக்கு நடுவில், அந்தத் துணியை என் மேஜைக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

"பாத்துக்கங்க சிஸ்டர். மூத்திரந்தான்."

வரிசையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நன்றாகப் பார்த்தேன். "பாத்துட்டேன்மா. போய் அலசுங்க" என்றேன்.

அதற்குள் மகள் குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, அம்மா கையிலிருந்து அந்தத் துணியை வாங்கினாள். அந்தம்மா விடவில்லை. இரண்டு பேரும் ஒரு நொடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "குடும்மா, நான் அலசிக்கிறேன். நீ ஒக்காரு" என்றாள் மகள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அந்தம்மா என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மகள் தண்ணீரைத் திருப்புவதையும், துணியைக் கசக்குவதையும், அவள் கசக்குகிற விதம் சரியில்லை என்பதையும் எல்லாம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா இதே வேலதான் சிஸ்டர். ஒரு துணிய தொட உட மாட்டேன்றா. இன்னாவாம் இவளுக்கு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றேன்.